குடும்பமாக கார்ட் பந்தயத்தில் இறங்குவது எப்படி? பிரிட்டனில் முதல் சீசனுக்கு ஒரு வழிகாட்டி

பிறந்தநாள் கொண்டாட்டத்தில் வாடகை கார்ட் (தரையை ஒட்டி ஓடும் சிறிய பந்தய வண்டி) ஓட்டிய பிள்ளை, "நிஜப் பந்தயம் ஓட்டணும்" என்று வீட்டில் கேட்க ஆரம்பித்துவிட்டதா? லண்டனிலும் மிட்லாண்ட்ஸிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் சில என்னிடம் இதை எங்கே தொடங்குவது என்று கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதை ஒழுங்காக எழுதிவைக்கிறேன்.

ஃபார்முலா ஒன் சாம்பியன் லூயிஸ் ஹாமில்டன் 1993இல், எட்டு வயதில், ஹாட்ஸ்டனில் இருக்கும் ரை ஹவுஸ் டிராக்கில்தான் தொடங்கினார். 1995இல் கேடட் வகுப்பில் (சிறுவர்களுக்கான போட்டிப் பிரிவு) பிரிட்டிஷ் சாம்பியன். அப்பா அந்தோணி பல வேலைகள் பார்த்து அந்தச் செலவைத் தாங்கினார். இன்னொரு ஃபார்முலா ஒன் சாம்பியன் ஜென்சன் பட்டன் டார்செட்டின் க்ளே பிஜன் டிராக்கில் ஓட்டிப் பழகியதும் அப்பாவின் துணையோடுதான். இந்தப் பெயர்களைச் சொல்வது உங்கள் பிள்ளை ஃபார்முலா ஒன் போகும் என்று ஆசை காட்ட அல்ல. கிளப் கார்ட்டிங் ஆரம்பத்திலிருந்தே குடும்பம் சேர்ந்து செய்கிற விளையாட்டு. கார்ட்டை டிராலியில் ஏற்றவே இரண்டு பேர் வேண்டும். ஓட்டுபவர் ஒருவர்தான், ஆனால் வீட்டில் எல்லோருக்கும் வேலை உண்டு. அந்த வேலைகளை ரசித்துச் செய்யும் குடும்பம்தான் இதில் நிலைக்கிறது.

படி 1: ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா போய்ப் பாருங்கள்

பெரும்பாலான கிளப்புகள் மாதம் ஒரு பந்தயம் நடத்துகின்றன. கென்ட்டில் சாத்தம் பக்கத்தில் பக்மோர் பார்க், டேவன்ட்ரி பக்கம் வில்ட்டன் மில், பான்பரி பக்கம் ஷெனிங்டன், லிங்கன்ஷயரில் பி.எஃப்.ஐ., ஸ்காட்லாந்தில் லார்க்ஹால் என்று நாடு முழுக்க டிராக்குகள் இருக்கின்றன. வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதற்கே போங்கள்.

பந்தயத்தைவிட பேடாக்கைக் கவனியுங்கள். வேன்களும் கூடாரங்களும் கார்ட்டுகளும் நிற்கும் இடம் அது. எந்த வகுப்பில் அதிக கார்ட் ஓடுகிறது, எதில் புதியவர்கள் நிறைய இருக்கிறார்கள் என்று பாருங்கள். கறுப்புப் பலகையில் வெள்ளை எண் போட்டிருந்தால் அவர் புதியவர். தங்கள் ஓட்டத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் இருப்பவர்களை மட்டும் விட்டுவிடுங்கள். மற்றவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் அரைமணி நேரம் விளக்குவார்கள். அந்த ஒரு நாளில் தெரிந்துகொள்வது எந்த வீடியோவிலும் கிடைக்காது.

படி 2: வாங்குவதற்கு முன் ஓட்டிப் பார்க்கட்டும்

திறந்தவெளி டிராக்குகள் பலவற்றில் பயிற்சிப் பள்ளியும், அவர்களே கார்ட் தரும் போட்டிகளும் உண்டு. சில மாதங்கள் அதில் ஓட்டட்டும். மழையிலும் குளிரிலும் ஓட்டிவிட்டு வந்து "மறுபடி எப்போ?" என்று கேட்டால் அடுத்த படிக்குப் போகலாம். பள்ளியில் ஆர்வமுள்ள ஆசிரியர் இருந்தால், தேசிய பள்ளிகள் கார்ட்டிங் சங்கமான நாட்ஸ்கா பற்றி விசாரியுங்கள். பள்ளிகளும் இளைஞர் குழுக்களும் சேர்ந்து ஓட்டும் அமைப்பு அது.

படி 3: வகுப்பைத் தேர்ந்தெடுங்கள்

ஆறு வயதில் பாம்பினோ, எட்டு வயதிலிருந்து ஏறக்குறைய பதின்மூன்று வரை கேடட், பிறகு ஜூனியர், பதினாறையொட்டி சீனியர். ஒவ்வொரு வயதிலும் பல எஞ்சின் வகைகள் இருப்பதால்தான் புதியவர்களுக்குத் தலை சுற்றுகிறது.

கேடட் வயதில் பிள்ளை இருந்து, உங்கள் கிளப்பில் ஹோண்டா கேடட் ஓடினால் யோசிக்காமல் அதையே எடுங்கள். ஜெனரேட்டரிலும் தண்ணீர் பம்ப்பிலும் வரும் அதே ஜி.எக்ஸ். 160 ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சின்தான். பெட்ரோலில் எண்ணெய் கலக்க வேண்டாம், சீக்கிரம் தேயாது. ஐயாமி, ரோட்டாக்ஸ் நிறுவனங்களின் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்கள் வேகம்தான், ஆனால் பராமரிப்புச் செலவு வேறு கணக்கு. ரோட்டாக்ஸ் எஞ்சின் முத்திரையிடப்பட்டது. அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் மையத்தில்தான் திறக்க முடியும். இது எல்லோரையும் சமமாக வைக்க உதவும், ஆனால் நீங்களே பிரித்துப் பார்க்கும் வாய்ப்பு இல்லை.

அம்மா அப்பாவுக்கும் ஆசை இருந்தால் வழி இருக்கிறது. உடல் எடை கூடியவர்களுக்கென்றே ரோட்டாக்ஸில் 177 என்ற வகுப்பு உண்டு. கார்ட்டும் டிரைவரும் சேர்ந்து குறைந்தது 177 கிலோ. இரண்டு ஹோண்டா எஞ்சின் பொருத்திய புரோகார்ட் நீண்டநேரப் பந்தயங்களில் ஒரே கார்ட்டைப் பலர் மாறி மாறி ஓட்டலாம். வளர்ந்த பிள்ளையும் பெற்றோரும் ஒரே அணியில் ஓட்ட இதைவிட நல்ல இடம் இல்லை.

படி 4: பழைய கார்ட்டை வாங்குங்கள், ஆனால் கீழே படுத்துப் பார்த்து வாங்குங்கள்

முதல் சீசனில் புது கார்ட் வேண்டவே வேண்டாம். அந்தப் பணத்தைப் பயிற்சி ஓட்டத்துக்கு வையுங்கள். புது டிரைவரின் நேரத்தைக் குறைப்பது டிராக்கில் ஓட்டிய சுற்றுகள்தான், பளபளக்கும் பாகங்கள் அல்ல. பழைய ஹோண்டா கேடட் ஒன்று ஆயிரம் பவுண்டை ஒட்டிய விலைக்கே கிடைப்பதுண்டு. அடுத்த வகுப்புக்குப் போகும் பிள்ளையின் குடும்பத்திடமிருந்து, அதே கிளப்பில் வாங்குவது உத்தமம். கூடவே உதிரி ஸ்ப்ராக்கெட்டுகளும் (செயின் ஓடும் பல் சக்கரங்கள்) மழை டயர்களும் டிராலியும் வரும்.

பார்க்க வேண்டியவை இவை. சேசிஸின் (வண்டியின் குழாய்ச் சட்டம்) அடிக்குழாய்கள் டிராக் ஓரத்துக் கர்ப்-கல்லில் உரசி உரசித் தட்டையாகியிருக்கும். கொஞ்சம் தேய்ந்திருந்தால் பரவாயில்லை, குழாய் மெலிந்திருந்தால் விட்டுவிடுங்கள். சீட்டைத் தாங்கும் கம்பிகளின் பற்றவைப்பு ஓரங்களில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, செயினைக் கழற்றிவிட்டு ஆக்சிலைக் கையால் சுற்றுங்கள். பிரேக் டிஸ்க் பட்டைகளுக்கு நடுவே இடமும் வலமுமாக ஆடினால் டிஸ்க்கோ ஆக்சிலோ வளைந்திருக்கலாம், காரணம் தெரியாமல் வாங்காதீர்கள். பெரிய சீட் மலிவாகக் கிடைக்கிறதென்று எடுக்காதீர்கள். கார்ட்டில் சஸ்பென்ஷனும் கிடையாது, இரு பின்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியலும் கிடையாது. வளைவில் உட்பக்கப் பின்சக்கரம் லேசாகத் தூக்கினால்தான் வண்டி திரும்பும். டிரைவரின் எடை சீட் வழியாக சேசிஸில் சரியாக இறங்காவிட்டால் அது நடக்காது.

ஹெல்மெட்டை மட்டும் பழையதாக வாங்கவே கூடாது. அது எத்தனை முறை கீழே விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. சிறுவர்களுக்கு எடை குறைந்த ஸ்னெல்-எஃப்.ஐ.ஏ. சி.எம்.ஆர். தரத்து ஹெல்மெட் உண்டு. கார்ட்டிங் சூட், கையுறை, கணுக்கால் மூடும் பூட்ஸ், விலா எலும்புக் கவசம் எல்லாம் தேவை. கவசத்துக்குக் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். சீட் விளிம்பு விலாவில் இடிக்கும் வலியால் இரண்டாவது ஓட்டத்துக்கே பிள்ளை அஞ்சும்.

படி 5: உரிமம்

பிரிட்டனின் மோட்டார் பந்தய நிர்வாக அமைப்பான மோட்டார்ஸ்போர்ட் யு.கே. அங்கீகரித்த கிளப்புகளில் ஓட்ட டிரைவருக்கு உரிமம் வேண்டும். அவர்களுடைய தொடக்கநிலைப் பொதியில் ஆரம்பிக்கலாம். உரிமத்தைப் பொறுத்து ஓட்டும் திறனும் கொடிகள், விதிகள் பற்றிய அறிவும் சோதிக்கப்படலாம். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் என்றால் பெற்றோருக்கும் ஒரு உரிமம் உண்டு. உங்கள் நடத்தைக்கும் நீங்கள் பொறுப்பு என்பதுதான் அதன் சாரம். கோபத்தில் அதிகாரியிடம் கத்தினால் தண்டனை பிள்ளையின் முடிவைத் தொடலாம். உரிமம் கேட்காத சுதந்திர கிளப்புகளும் இருக்கின்றன.

படி 6: யாருக்கு என்ன வேலை

இதை வீட்டிலேயே பேசி முடிவு செய்யுங்கள். ஒருவர் மெக்கானிக். எரிபொருள், செயின், பிரேக், நட்டுகள் அவர் பொறுப்பு. ஒருவர் டயர். ஒருவர் நேரமும் தாளும்: எந்த ஓட்டம் எப்போது, எந்த இடத்தில் புறப்பாடு, எப்போது கிளம்ப வேண்டும். சின்னத் தங்கையிடம் காற்றழுத்த மானியைக் கொடுங்கள். பத்து வயதுப் பிள்ளை நன்றாகவே செய்யும். கார்ட் டயரில் காற்றழுத்தம் கார் டயரின் பாதியோ அதற்கும் குறைவாகவோதான் இருக்கும், அரை பி.எஸ்.ஐ. வித்தியாசம்கூட வளைவில் தெரியும். எப்போதும் டயர் குளிர்ந்திருக்கும்போதே அளந்து நோட்டில் எழுத வேண்டும். ஓடி முடித்து வந்ததும் மறுபடி அளந்தால் எவ்வளவு ஏறியது என்று புரியும்.

மெக்கானிக் வேலையில் முதலில் கற்க வேண்டியது செயின். நடுவில் விரலால் அழுத்தினால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் ஆட வேண்டும். முன்பல் சக்கரத்தையும் பின்பல் சக்கரத்தையும் நேராக ஒரு அளவுகோலை வைத்து, ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். செயின் கழன்று பந்தயம் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். டூ-ஸ்ட்ரோக் என்றால் எரிபொருள் கலவையும் உண்டு. ரோட்டாக்ஸுக்கு 5 லிட்டர் பெட்ரோலுக்கு 100 மில்லி எண்ணெய். கேனில் கலந்த தேதியை எழுதி ஒட்டுங்கள்.

மழை வந்தால் மழை டயர் மாட்டி, முன்சக்கரங்களை வெளியே தள்ளி, பின்சக்கரங்களை உள்ளே இழுப்பார்கள். ஈரத்தில் வண்டி திரும்ப அது உதவும். பிரிட்டனில் இதை எத்தனை வேகமாகச் செய்கிறீர்கள் என்பதே பாதி ஆட்டம். சனிக்கிழமை மாலை வீட்டு முற்றத்தில் ஒத்திகை பாருங்கள்.

சாப்பாட்டு வேலையும் சின்னதல்ல. டிராக் கடையில் பேக்கன் ரோலும் சிப்ஸும்தான் கிடைக்கும். புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போங்கள். கெடாது, கை கிரீஸாக இருந்தாலும் கரண்டியால் சாப்பிடலாம், பக்கத்துக் கூடாரத்துக்கும் கொஞ்சம் போகும்.

படி 7: பந்தய நாள்

காலையில் கையெழுத்திடல், பிறகு வண்டிப் பரிசோதனை, டிரைவர்களுக்கான கூட்டம், பயிற்சி. அதன்பின் பொதுவாக ஹீட் எனும் முதற்கட்ட ஓட்டங்கள் சில, அவற்றின் முடிவை வைத்து இறுதி ஓட்டத்தில் இடம். புதியவர்கள் ஹீட்களில் கடைசியிலிருந்து புறப்படுவார்கள். பிள்ளைக்கு இதை முன்பே சொல்லுங்கள். பின்னால் நின்றால் முன்னால் நடக்கும் மோதல்களைப் பார்த்து விலக நேரம் கிடைக்கும்.

கொடிகளை முந்தின இரவு ஒருமுறை கேளுங்கள். மஞ்சள்: ஆபத்து, முந்தாதே. சிவப்பு: ஓட்டம் நிறுத்தம். நீலம்: வேகமானவர் பின்னால் இருக்கிறார். கறுப்பில் ஆரஞ்சு வட்டம்: வண்டியில் கோளாறு, வெளியே வா.

ஓட்டம் முடிந்ததும் கார்ட்டை நேராக எடைமேடைக்குத் தள்ள வேண்டும். டிரைவரும் வண்டியும் சேர்ந்து வகுப்பின் குறைந்தபட்ச எடையில் இருக்க வேண்டும். ஒல்லியான பிள்ளை என்றால் சீட்டில் ஈயத்துண்டுகளை போல்ட் போட்டு இறுக்குவார்கள். ஓடும்போது வியர்வையும் எரிபொருளும் குறையும் என்பதால் ஒன்றிரண்டு கிலோ கூடுதலாகவே வையுங்கள். எடை குறைந்தால் அந்த ஓட்டத்தின் முடிவு போய்விடும்.

இறங்கி வந்த பிள்ளையிடம் உடனே "ஏன் அங்கே முந்தல?" என்று கேட்காதீர்கள். தண்ணீர் கொடுங்கள், ஹெல்மெட்டைக் கழற்ற விடுங்கள். பத்து நிமிடம் கழித்து "வண்டி வளைவில் எப்படி இருந்தது?" என்று மட்டும் கேளுங்கள். "திரும்ப மாட்டேங்குது" அல்லது "பின்னாடி வழுக்குது" என்ற பதில் போதும், மெக்கானிக்குக் கைக்கு வேலை வந்துவிடும். வளைவில் எந்த இடத்தில் பிரேக் பிடிப்பது என்பதைச் சொல்லித்தர பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். அப்பாவும் அம்மாவும் அந்த நாளில் குழுவினர்.

படி 8: திங்கட்கிழமை

கார்ட்டைக் கழுவி, செயினைத் துடைத்து எண்ணெய் தடவி, எல்லா நட்டையும் ஒருமுறை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். டயர் அழுத்தம், பல் சக்கரத்தின் பல் எண்ணிக்கை, வானிலை, சிறந்த சுற்று நேரம் ஆகியவற்றை நோட்டில் ஏற்றுங்கள். அடுத்த மாதப் பந்தயத்துக்கான பதிவு திறந்திருக்கும். பிரபலமான கிளப்பில் கேடட் இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால் அன்றைக்கே பெயர் கொடுத்துவிடுங்கள்.