காசிமேட்டில் வாசித்துக் காட்டிவிட்டு அனுப்புங்கள்

ராயபுரத்தில் என் தெருப் பிள்ளைகள் சிலர், அரசின் மக்கள் தொடர்பு வேலைக்கு எப்படி வருவது என்று கேட்கிறார்கள். இருபத்திரண்டு ஆண்டுகள் செய்திக் குறிப்பு எழுதியவள் என்ற முறையில் சொல்கிறேன்.

மத்திய அரசு என்றால் குடிமைப் பணிகள் தேர்வெழுதி இந்தியத் தகவல் பணியில் சேரலாம். மாநிலத்தில் செய்தி மக்கள் தொடர்புத் துறை இருக்கிறது. மாவட்டந்தோறும் அதற்கு அலுவலர் உண்டு. இதழியல் படிப்பு கைகொடுக்கும். சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே படிக்கலாம்.

எழுதப் பழகுவதுதான் பெரிய வேலை. ‘மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என அறிவுறுத்தப்படுகிறார்கள்’ என்று ஒருமுறை புயல் நேரத்தில் எழுதியிருந்தேன். அனுப்புவதற்கு முன் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் கை நிற்கவில்லை.

“எந்தத் தேதி வரைக்கும் அம்மா? ஃபைபர் படகுக்கும் சேர்த்தா? நேற்றே போனவனுக்கு யார் சொல்வது?”

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை வரும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் விசைப்படகுக்குத்தான். ஃபைபர் படகுக்கு இல்லை. அதனால்தான் அந்த இரண்டாவது கேள்வி. மூன்றுக்கும் என் குறிப்பில் பதில் இல்லை. துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருந்தது. அதன் பொருள் அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவருக்குத் தெரியாததை அல்லவா நான் எழுதியிருக்க வேண்டும்! திரும்பிப் போய் முழுவதையும் மாற்றி எழுதினேன்.

நெருக்கடி இரவுகளுக்கு இப்போதே தயாராகுங்கள். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து, மக்கள் மூச்சுத் திணறிக்கொண்டு வீதிக்கு ஓடிவந்தார்கள். இப்படியான இரவில் ‘நிலைமை கட்டுக்குள் இருக்கிறது’ என்று எழுதும்படி மேலிருந்து சொல்வார்கள். அந்த வரியோடு தொடங்காதீர்கள். என்ன கசிந்தது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எந்தத் தெரு வழியாக வெளியேறுவது, எந்த மருத்துவமனை தயாராக இருக்கிறது என்பவைதான் முதலில் வர வேண்டும். தெரியாததற்கு, ‘இன்னும் உறுதியாகவில்லை, காலை ஆறு மணிக்குச் சொல்கிறோம்’ என்று எழுதுங்கள். ஆறு மணிக்குப் புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும் அதையே சொல்லுங்கள். மக்கள் அந்த ஆறு மணிக்காக விழித்திருப்பார்கள்.

அதிகாரியிடம் ‘மக்கள் கோபப்படுவார்கள்’ என்றால் எடுபடாது. மக்கள் கேட்ட கேள்விகளை அவரவர் சொற்களிலேயே எழுதி அவர் மேசையில் வையுங்கள். ஆலோசனை என்று நான் செய்ததில் பாதி இதுதான். கேட்காமலே வெளியிட வேண்டிய விவரங்கள் எவை என்பதை 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு சொல்கிறது. அதைப் படித்து வைத்திருங்கள்.

காசிமேட்டுக்குப் போவதென்றால் விடியற்காலை ஏல நேரத்தில் போகாதீர்கள், யாருக்கும் பேச நேரம் இருக்காது. மத்தியானம் வலை பின்னும் நிழலுக்குப் போங்கள்.