பழைய மேஜிக் கார்டு ஓவியங்கள்: மதுரையில் இருந்தபடி சேர்க்கத் தொடங்குவது எப்படி?

சேகரித்து விளையாடும் கார்டு விளையாட்டுகளுக்கெல்லாம் மூத்தது ‘மேஜிக்: தி கேதரிங்’. கணிதம் படித்த ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கி, 1993 ஆகஸ்டில் அமெரிக்காவில் வெளிவந்தது. இன்றும் வருடா வருடம் நூற்றுக்கணக்கில் புதுக் கார்டுகள் வருகின்றன. ஆனாலும் முதல் ஐந்தாறு வருடத்துக் கார்டுகளையே தேடிப் பிடித்து வாங்குபவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அதில் நிறையப் பேர் படத்துக்காகத்தான் வாங்குகிறார்கள். நானும் அந்தக் கட்சி. மதுரையில் உட்கார்ந்துகொண்டு, கையைக் கடிக்காத செலவில், போலியில் மாட்டாமல் இதை எப்படித் தொடங்குவது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

அதற்கு முன், பழைய படம் ஏன் இப்படி இழுக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. விளையாட்டின் முதல் கலை இயக்குநர் ஜெஸ்பர் மிர்ஃபோர்ஸ், சியாட்டிலில் கார்னிஷ் கலைக் கல்லூரியில் தன்னோடு படித்தவர்கள் பலரை அழைத்து வந்து வரையச் சொன்னார். பெரும்பாலும் பெயர் தெரியாத இளைஞர்கள். இந்த உலகம் இப்படித்தான் இருக்கும் என்று சொல்லும் தடித்த விதிப்புத்தகம் எதுவும் அப்போது கிடையாது. அதனால் ஒருவர் நீர்வண்ணத்தில் கசியவிட்டார், ஒருவர் மையால் கோடு கோடாக இழுத்தார், இன்னொருவர் கனவில் கண்டதுபோல உருவங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். இப்போதைய படங்களில் திறமைக்குக் குறைவில்லை. ஆனால் பத்துப் புதுக் கார்டை வரிசையாக வைத்தால், எது யார் கை என்று சொல்வது கடினம். பழைய கார்டில் பெயரைப் படிக்காமலே சொல்லிவிடலாம்.

‘பேர்ட்ஸ் ஆஃப் பாரடைஸ்’ கார்டின் கதையைக் கேளுங்கள். மார்க் பூல் என்ற ஓவியர் வரைய வேண்டியிருந்தது ஒரு நிலக் கார்டு, அதாவது மந்திரங்களுக்குச் சக்தி தரும் இடத்தைக் காட்டும் கார்டு. அவர் வரைந்த படத்தில் நிலத்தைவிடப் பறவை பெரிதாக நின்றது. நிலத்துக்கு அது ஒத்துவராது என்று ஆகிவிட்டது. ஆனால் அந்தப் பறவை கார்ஃபீல்டுக்குப் பிடித்துப்போய், அதற்காகவே புதிதாக ஒரு கார்டை உருவாக்கினார். விளையாட்டின் மிகப் புகழ்பெற்ற கார்டுகளில் ஒன்று இப்படி ஒரு ஓவியத்திலிருந்து பிறந்தது. படம் முன்னால் போக, விதி பின்னால் வந்த காலம் அது.

படி 1: வாங்குவதற்கு முன் பாருங்கள்

ஸ்க்ரைஃபால் என்ற இணையதளம் இலவசம். மேம்பட்ட தேடலில் ஓவியர் பெயர் கொடுத்தால், அவர் வரைந்த எல்லாக் கார்டும் வந்து நிற்கும். கிறிஸ்டோபர் ரஷ், மெலிசா பென்சன், குவின்டன் ஹூவர், ட்ரூ டக்கர், ரிச்சர்ட் கேன் ஃபெர்குசன், மார்க் டெடின் ஆகிய பெயர்களில் தொடங்குங்கள். சில நாள் இது மட்டும் போதும்.

பார்க்கும்போது ஒன்று செய்யுங்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த பிறகு, உண்மையான அளவுக்குச் சுருக்கிக் கை நீட்டும் தூரத்தில் வைத்துப் பாருங்கள். கார்டு 63க்கு 88 மில்லிமீட்டர். அதில் ஓவியத்துக்குக் கிடைப்பது பாதிக்கும் குறைவுதான். அந்தச் சின்னக் கட்டத்தில் உருவம் பளிச்சென்று பிடிபடுகிறதா? பென்சன் வரைந்த ‘ஷிவன் டிராகன்’ எத்தனை தூரத்திலும் டிராகன்தான். டக்கரின் நீர்வண்ணங்கள் நேர்மாறு. தூரத்தில் வெறும் நிறம், கிட்டே வந்தால்தான் ஆள் தெரிவார். எனக்கு இரண்டும் பிடிக்கும். உங்களுக்கு எது என்று கண்டுபிடிப்பதுதான் இந்தப் படியின் வேலை.

நம் ஊரில் இதற்கு ஒரு நல்ல பயிற்சிக்கூடமும் இருக்கிறது. அழகர்கோவில் வசந்த மண்டபத்தில் நாயக்கர் காலத்து ராமாயண ஓவியங்கள் கட்டம் கட்டமாக இருக்கின்றன. ஒரு கதையைச் சின்னக் கட்டத்துக்குள் அடக்க ஓவியர் எதை வைத்தார், எதை விட்டார் என்று ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு வாருங்கள். அதன் பிறகு கார்டைப் பார்க்கும் கண்ணே மாறும்.

படி 2: ஒரு ஓவியரைப் பிடித்துக்கொள்ளுங்கள்

எல்லாவற்றையும் சேர்க்கப் போனால் பணமும் போகும், ஆர்வமும் போகும். ஒரே ஒரு ஓவியர், அல்லது ஒரே ஒரு பொருள்: பறவை, கோட்டை, பேய் என எதுவானாலும் சரி. முதல் இருபது கார்டு இந்த எல்லைக்குள் இருக்கட்டும்.

படி 3: கார்டின் வயதைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

கீழ் ஓரத்தில் ஓவியர் பெயர் இருக்கும். முதல் நாளிலிருந்தே அச்சிட்டு வருகிறார்கள். அடுத்து ஃபிரேம், அதாவது படத்தையும் எழுத்தையும் சுற்றி இருக்கும் சட்டம். பழைய ஃபிரேம் 2003இல் எட்டாம் பதிப்போடு மாறிவிட்டது. கார்டு எண்ணும், எந்தத் தொகுப்பு என்று காட்டும் சின்னம் அரிதுக்கேற்ப நிறம் மாறுவதும் 1998இல் வந்த எக்ஸோடஸ் தொகுப்பில்தான் தொடங்கின. ஆகவே சின்னம் வெறும் கறுப்பாக இருந்து, எண்ணும் இல்லாவிட்டால், பெரும்பாலும் அதற்கு முந்தைய கார்டு.

பிறகு பார்டர், அதாவது கார்டின் வெளி ஓரம். முதல் இரண்டு பதிப்பான ஆல்ஃபாவும் பீட்டாவும் கறுப்பு பார்டர். ஆல்ஃபாவின் முனைகள் கூடுதலாக வளைந்திருக்கும். 1993 டிசம்பரில் வந்த அன்லிமிடெட், 1994இன் ரிவைஸ்ட், 1995இன் நான்காம் பதிப்பு எல்லாம் வெள்ளை பார்டர். ரிவைஸ்டில் நிறம் வெளிறிப்போய் இருக்கும். ஒரே படத்தை பீட்டாவிலும் ரிவைஸ்டிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இரண்டாவது வெயிலில் காயப்போட்டது போலத் தெரியும். படத்துக்காக வாங்குபவர்கள் ரிவைஸ்டைவிட நான்காம் பதிப்பை எடுப்பது மேல். நிறம் தேறியிருக்கும், விலையும் குறைவு.

படி 4: மலிவான தொகுப்பிலிருந்து வாங்குங்கள்

விலையில் உச்சத்தில் நிற்கும் ‘பிளாக் லோட்டஸ்’ கார்டு பக்கமே போகாதீர்கள். சில பழைய கார்டுகளை இனி அச்சிடுவதில்லை என்று 1996இல் நிறுவனம் ஒரு பட்டியலை அறிவித்தது. அதில் இருக்கும் வலுவான கார்டுகளின் விலை நமக்கு எட்டாது.

நமக்கு ஏற்றது 1994 நவம்பரில் வந்த ‘ஃபாலன் எம்பயர்ஸ்’. தேவைக்கு மேல் அச்சடித்துவிட்டதால் இன்றும் மலிவு. ஆனால் ஓவிய ரசிகர்களுக்கு அது தங்கச் சுரங்கம். சாதாரணக் கார்டு ஒவ்வொன்றையும் மூன்று நான்கு விதமாக வரைய வைத்தார்கள். 102 கார்டுக்கு 187 வடிவம். ‘ஹிம் டு டூராக்’ என்ற மந்திரத்தை எடுங்கள். எதிராளி கையிலிருந்து இரண்டு கார்டைக் குருட்டாம்போக்கில் உருவும் மந்திரம். குவின்டன் ஹூவர், லிஸ் டான்ஃபோர்த், சூசன் வான் கேம்ப், ஸ்காட் கிர்ஷ்னர் என்று நால்வர் அதை வரைந்தார்கள். விதி ஒன்று, படம் நான்கு. அந்த நான்கையும் ஒரே பக்கத்தில் செருகிப் பாருங்கள். இந்தப் பொழுதுபோக்கின் முழு ருசியும் அதில் இருக்கிறது. தொடங்குபவர்கள் முதலில் வாங்க வேண்டியது அதைத்தான் என்பது என் கருத்து. 1995இன் ‘ஹோம்லேண்ட்ஸ்’ தொகுப்பிலும் சாதாரணக் கார்டுகளுக்கு இரண்டு படங்கள் உண்டு.

கடைக்குப் போய்ப் புரட்டிப் பார்த்து வாங்கும் வசதி நமக்கு இல்லை. சென்னை, பெங்களூர் ஆட்களோடு சேர்ந்து மொத்தமாக ஆர்டர் போடுங்கள். வெளிநாட்டிலிருந்து தனியாக வரவழைத்தால், கார்டு விலையைவிடத் தபால் செலவும் சுங்க வரியும் தாண்டிவிடும். ‘நியர் மின்ட்’ (கிட்டத்தட்டப் புதிது) என்று அடம்பிடிக்க வேண்டாம். ஓரம் லேசாக வெளுத்த, விளையாடித் தேய்ந்த கார்டு பாதி விலைக்கும் கிடைக்கும். படத்துக்கு ஒரு குறையும் வராது. சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்த போட்டோ மட்டும் கேட்டு வாங்குங்கள். மடிப்பும் கீறலும் அதில்தான் தெரியும்.

படி 5: லூப் வைத்துச் சோதியுங்கள்

தெற்காவணி மூல வீதிப் பக்கம் நகை வேலை செய்பவர்கள் கண்ணில் மாட்டும், பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் கண்ணாடி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் அதை வீட்டில் தொங்கும் சிவகாசி காலண்டரில் வைத்துப் பாருங்கள். சாமி படத்தின் கன்னம் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகளாகப் பிரிந்து, சின்னச் சின்னப் பூக்களாக நிற்கும். நான்கு வண்ண ஆஃப்செட் அச்சு அப்படித்தான். மேஜிக் கார்டின் படமும் அதே முறை. பெல்ஜியத்தின் கார்ட்டா முண்டி அச்சகத்தில் அடித்தவை அந்தப் பழைய கார்டுகள்.

இப்போது விதி எழுதியிருக்கும் பெட்டிக்கு லூப்பை நகர்த்துங்கள். அசல் கார்டில் கறுப்பு எழுத்து கெட்டியாக, விளிம்பு கூராக இருக்கும். எழுத்துக்குள்ளேயே பல நிறப் புள்ளிகள் தெரிந்தால், யாரோ கார்டை ஸ்கேன் செய்து அடித்திருக்கிறார்கள். பின்புறத்தில் ஐந்து நிற வட்டங்கள் உண்டு. பச்சை வட்டத்துக்குள் நான்கு சிவப்புப் புள்ளிகள் ‘ட’ போல மடங்கி நிற்கும். போலிகளில் இது பெரும்பாலும் கலங்கிவிடும். ஒரு சோதனையை மட்டும் நம்பக் கூடாது. அதே தொகுப்பின் மலிவான அசல் கார்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். வளைத்துப் பார்க்கும் சோதனை, தண்ணீர்ச் சோதனை எல்லாம் வேண்டாம். கார்டுதான் பாழாகும்.

படி 6: மதுரை வெயிலிலிருந்து காப்பாற்றுங்கள்

வெயில் நேராக விழும் சுவரில் மாட்டாதீர்கள். சிவப்பும் மஞ்சளும் முதலில் போகும். மெல்லிய பிளாஸ்டிக் உறை (ஸ்லீவ்) போட்டு, பிவிசி கலக்காத தாள்கள் உள்ள பைண்டரில் வையுங்கள். மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையின் பரண் கூடவே கூடாது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்துக்கு ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போதும். பாச்சை உருண்டை போட்ட பீரோவில் வைத்தால் அந்த வாடை கார்டில் ஏறி, லேசில் போகாது.

படி 7: எடுத்து விளையாடுங்கள்

பைண்டரில் மட்டுமே கிடந்தால் பாதி இன்பம்தான். பழைய கார்டுகளை மட்டும் வைத்து ஆடும் ‘ஓல்டு ஸ்கூல்’ முறை 2007இல் சுவீடனில் தொடங்கி இன்று பல நாடுகளில் நடக்கிறது. வீட்டில் அவ்வளவு கட்டுப்பாடு தேவையில்லை. ஆளுக்கு 60 கார்டு, 20 உயிர்ப் புள்ளி. நான்காம் பதிப்பும் ஃபாலன் எம்பயர்ஸும் கலந்து இரண்டு கட்டு சேர்த்தால் அண்ணன் தம்பி இருவரும் ஞாயிறு முழுக்க ஆடலாம். ஒரு கட்டில் நிலக் கார்டு மட்டும் 24 வரை வேண்டும். அதையும் நான்காம் பதிப்பிலேயே வாங்குங்கள். ஐந்து வகை நிலத்துக்கும் மும்மூன்று படம் இருக்கிறது, மூன்றையும் கலந்து கேளுங்கள்.