மலையேற்றத்துக்கு முதுகுப் பை அடுக்குவது எப்படி?

இரண்டு பேர், இரண்டு பைகள், எடையும் ஒன்றுதான். ஆனால் ஒருவர் பேசிக்கொண்டே ஏறுகிறார். இன்னொருவருக்கு அரை மணி நேரத்திலேயே தோள் கடுக்க ஆரம்பித்துவிடுகிறது. உடல் பலத்தில் இருக்கும் வித்தியாசத்தைவிட, பைக்குள் எது எங்கே இருக்கிறது என்ற வித்தியாசம்தான் பல நேரம் இதற்குக் காரணம். நல்லவேளையாக, இது ஒரே நாளில் கற்றுக்கொள்ளக்கூடிய விஷயம்.

கூடாரத்தில் ஓர் இரவு தங்கிவிட்டுத் திரும்பும் இரண்டு நாள் பயணத்தை மனதில் வைத்து எழுதுகிறேன். காலையில் போய் மாலையில் திரும்புபவர்கள் தூங்கும் சாமான்களை விட்டுவிட்டு மற்றதை அப்படியே பின்பற்றலாம்.

1. பையைக் கடைசியில் வாங்குங்கள்

பலர் முதலில் பையைத்தான் வாங்குகிறார்கள், அதுவும் பெரிதாக. பெரிய பையில் இடம் இருக்கும்; இடம் இருந்தால் கை சும்மா இருக்காது, எதையாவது எடுத்துத் திணிக்கும். எனவே முதலில் சாமான்களைச் சேர்த்துவிட்டு, அவை அடங்கும் அளவுக்குப் பை தேடுங்கள். ஒரு நாள் நடைக்கு 20 முதல் 30 லிட்டர் போதும். ஓரிரு இரவுகளுக்கு 40 முதல் 50 லிட்டர். அதற்கு மேல் நாட்கள் கூடினால்தான் 60 லிட்டர் பக்கம் போக வேண்டும்.

லிட்டரைவிட முக்கியம் முதுகின் நீளம். தலையைக் குனிந்தால் பின்கழுத்தின் அடியில் ஓர் எலும்பு துருத்திக்கொண்டு தெரியும். அங்கிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு உள்ள மட்டம் வரை யாரையாவது டேப் பிடித்து அளக்கச் சொல்லுங்கள். பையின் அளவு அதற்குப் பொருந்த வேண்டும். நெட்டையானவருக்கு முதுகும் நீளமாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். கால் மட்டும் நீளமாக இருக்கலாம்.

2. எல்லாவற்றையும் தரையில் பரப்புங்கள்

பைக்குள் எதையும் போடும் முன் அத்தனையும் கண் முன்னே இருக்கட்டும். பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு இது: ஒரு நாள் நடைக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, இரவு தங்கும் பயணத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு. 60 கிலோ எடையுள்ளவர் என்றால் முறையே 6 கிலோ, 12 கிலோ. தண்ணீரும் இதில் அடக்கம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதை மறந்துவிட்டுக் கணக்குப் போடுபவர்கள் நிறைய.

எடை கூடினால் கத்தரி வைக்க வேண்டிய முதல் இடம் துணிமணி. நடக்க ஒரு செட், தூங்க ஒரு காய்ந்த செட், குளிருக்கு ஒரு ஸ்வெட்டரோ ஜாக்கெட்டோ, மழைக்கோட்டு, மாற்று சாக்ஸ். அவ்வளவுதான். நடக்கும்போது பருத்தி வேண்டாம். வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், சீக்கிரம் காயாது, குளிர்க்காற்றில் உடம்புச் சூட்டை இழுத்துவிடும்.

கத்தரி வைக்கவே கூடாத சாமான்களும் உண்டு. அமெரிக்காவின் சியாட்டிலில் இருக்கும் 'தி மவுன்டனியர்ஸ்' என்ற மலையேற்றக் கழகம் 1930களிலேயே பத்து அத்தியாவசியப் பொருட்கள் என்று ஒரு பட்டியல் போட்டது. பின்னால் அது கொஞ்சம் மாறினாலும் சாரம் அதேதான்: வழி காட்ட வரைபடமும் திசைகாட்டியும், டார்ச், வெயிலுக்குப் பாதுகாப்பு, முதலுதவி, கத்தி, தீ மூட்டும் வழி, அவசரத்துக்கு ஒதுங்க ஒரு விரிப்பு, கூடுதல் உணவு, கூடுதல் தண்ணீர், கூடுதல் உடை. ஒரு நாள் நடைக்கும் இவை வேண்டும். கால் சுளுக்கினால் பகல் நடை இரவு நடையாகிவிடும் இல்லையா?

3. உள்ளே ஒரு பிளாஸ்டிக் பை

கொஞ்சம் கெட்டியான பெரிய பிளாஸ்டிக் பையை முதுகுப் பைக்குள் விரித்துவிட்டு, நனையக்கூடாததை எல்லாம் அதற்குள் அடுக்குங்கள். பைக்கு மேலே போடும் மழை உறையை மட்டும் நம்பாதீர்கள். முதுகுப் பக்கம் அது மூடாது. தண்ணீர் அந்த வழியாக இறங்கும். காற்று அடித்தால் உறையே பறந்துவிடும்.

4. அடியில்: இரவுக்கானவை

கூடாரம் போடும் வரை தேவைப்படாதது எல்லாம் அடியில். ஸ்லீப்பிங் பேக், தூங்கும் உடை. ஸ்லீப்பிங் பேக்கை அதன் உறைக்குள் பந்துபோல இறுக்கிக் கட்டினால் சுற்றிலும் இடம் வீணாகும். பிளாஸ்டிக் பை இருப்பதால் உறை இல்லாமல் நேரடியாகத் திணிக்கலாம். மூலை முடுக்கெல்லாம் நிரம்பி, மேலே வருவதற்கு நல்ல மெத்தையாக அமையும்.

5. நடுவில்: கனமானவை, முதுகை ஒட்டி

இதுதான் விஷயத்தின் மையம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துப் பாருங்கள், கனமே தெரியாது. அதையே கையை நீட்டிப் பிடித்தால் ஒரு நிமிடத்தில் கை நடுங்கும். பையிலும் இதே கதைதான். கனம் முதுகை விட்டு எவ்வளவு தள்ளிப் போகிறதோ, அவ்வளவுக்கு அது உங்களைப் பின்னால் இழுக்கும். அதைச் சமாளிக்க நீங்கள் முன்னால் வளைவீர்கள். வலி அங்கே தொடங்குகிறது.

ஆகவே உணவுப் பொட்டலங்கள், சமையல் பாத்திரம், தண்ணீர்ப் பை, கூடாரத் துணி எல்லாம் இடுப்புக்கு மேலே, தோள் எலும்புகளுக்குக் கீழே, முதுகோடு ஒட்டி நிற்கட்டும். உறிஞ்சிக் குடிக்கும் தண்ணீர்ப் பை என்றால் மற்றதை அடுக்கும் முன்பே நிரப்பி வைத்துவிடுங்கள். நிறைந்த பைக்குள் அதை நுழைப்பது பெரும்பாடு. கனமானவற்றுக்கு வெளிப்பக்கம் ஸ்வெட்டர் போன்ற லேசானவற்றைச் செருகினால் எதுவும் ஆடாது. இடது வலது எடையும் ஏறக்குறைய சமமாக இருக்கட்டும். பாத்திரத்துக்குள் வெற்றிடம் விடாமல் அடுப்பையோ சாக்ஸையோ போடுங்கள். திரவ எரிபொருள் கொண்டுபோனால் மூடியை இறுக்கி, நிமிர்த்தி, உணவுக்குக் கீழே வையுங்கள். மண்ணெண்ணெய் வாசனை அடிக்கும் சோற்றை யாரும் ரசிப்பதில்லை.

6. மேலேயும் பாக்கெட்டுகளிலும்

மழைக்கோட்டு எல்லாவற்றுக்கும் மேலே. முதலுதவிப் பெட்டியும் தலையில் மாட்டும் டார்ச்சும் மேல் மூடியின் பாக்கெட்டில். டார்ச்சுக்கு ஒரே இடம், எப்போதும் அதே இடம். இருட்டில் தடவி எடுக்க வேண்டியது அது. தின்பண்டங்கள் இடுப்பு பெல்ட் பாக்கெட்டில், பாட்டில்கள் பக்கவாட்டில்.

வெளியே எதையும் தொங்கவிடாதீர்கள். டம்ளர் தொங்கினால் படத்தில் அழகாக இருக்கும். வழியில் கிளையில் மாட்டும், அடிக்கு ஒரு தரம் சத்தம் போடும். கூடாரக் கம்பிகளைப் பக்கவாட்டு வார்களில் நிமிர்த்திச் செருகலாம்.

7. மாட்டும் வரிசை

எல்லா வார்களையும் முதலில் தளர்த்துங்கள். பையின் மேல்பிடியைப் பிடித்துத் தொடை மீது தூக்கி வைத்து, ஒரு கையை நுழைத்து, பிறகு முதுகுக்குச் சுழற்றுங்கள். ஒரே வீச்சில் தோளுக்குத் தூக்கினால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும்.

அப்புறம் இடுப்பு பெல்ட். இடுப்பின் இரு பக்கமும் அழுத்தினால் தட்டுப்படும் எலும்பு மேட்டின் மீது அது உட்கார வேண்டும், வயிற்றின் மீது அல்ல. அதை இறுக்கிய பிறகு தோள் வார், அதன் பிறகு தோளுக்கு மேலே பையை முன்னால் இழுக்கும் சிறு வார், கடைசியாக நெஞ்சு வார். சரியாக மாட்டியிருந்தால் தோள் வாருக்கு அடியில் விரலை விட முடியும். பெரும்பகுதி எடையை இடுப்பு வாங்கிக்கொண்டிருக்கும்.

8. வீட்டிலேயே ஒரு ஒத்திகை

கிளம்புவதற்குச் சில நாட்கள் முன்பே முழு எடையுடன் ஒரு மணி நேரம் நடந்து, படிக்கட்டும் ஏறி இறங்குங்கள். முதுகில் எது குத்துகிறது, எது உருண்டு சத்தம் போடுகிறது என்று தெரிந்துவிடும். திறந்து மாற்றி அடுக்குங்கள்.

இரண்டாம் நாள் உணவு குறைந்து பை தொளதொளக்கும். பக்கவாட்டு வார்களை இழுத்து இறுக்கிவிடுங்கள். வழியில் ஓடை குறுக்கிட்டால் மட்டும், தண்ணீரில் இறங்கும் முன் இடுப்பு பெல்ட்டையும் நெஞ்சு வாரையும் கழற்றிவிட வேண்டும். கால் வழுக்கினால் பையை உடனே உதறிவிட்டு எழ முடியும்.