சித்திரை வெயிலில் முதல் குமிழியைப் பிடிப்பது எப்படி?

கோலி சோடாவின் குண்டை அழுத்தியதும் குமிழிகள் பொங்குகின்றன அல்லவா? அந்த முதல் குமிழி எந்த வெப்பநிலையில், எந்த அழுத்தத்தில் எழுகிறது என்று அளப்பதுதான் இந்தச் சோதனை. வாயு அதே கார்பன் டை ஆக்சைடுதான். தண்ணீருக்குப் பதில் அசிட்டோன் என்ற கரைப்பான், பாட்டிலுக்குப் பதில் எஃகுக் கலம்.

எதற்கு இந்தப் பாடு? நீராவிக்குப் பதிலாகக் கார்பன் டை ஆக்சைடைக் கொண்டு டர்பைனைச் சுழற்றலாம். வெளியே வரும் வாயுவைத் திரவமாக்கிவிட்டால் பம்பு போதும். கம்பிரஸர் தின்னும் மின்சாரம் மிச்சம். ஆனால் 31 டிகிரிக்கு மேல் அது எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாது. பாளையங்கோட்டைச் சித்திரையில் 38 டிகிரி சர்வசாதாரணம். கூடங்குளம் மின்நிலையத்துக்குக் குளிர்விக்கக் கடல் இருக்கிறது. தாமிரபரணித் தண்ணீரை வயலுக்கு விட்டுவிட்டுக் காற்றாலேயே குளிர்விப்பதென்றால், மாறுநிலை வெப்பநிலை (அந்த 31 டிகிரி போன்ற, திரவமாக்க முடிகிற எல்லை) உயர்ந்த இன்னொரு பொருளைக் கலக்க வேண்டும். ஆய்வாளர்கள் கந்தக டை ஆக்சைடையும் ஹெக்சாபுளோரோபென்சீனையும் பார்க்கிறார்கள். பயிற்சிக்கு அசிட்டோன் போதும். மின்நிலையச் சூட்டை அது தாங்காது என்பது வேறு கதை.

முதலில் கலம். பிஸ்டனும் நீலக்கல் ஜன்னலும் உள்ள, உயர் அழுத்தத்துக்குச் சோதித்த கலம் மட்டுமே. வீட்டில் முயலாதீர்கள்.

அடுத்தது காற்றை வெளியேற்றுதல். இங்கேதான் நான் மண்ணைக் கவ்வினேன். அசிட்டோனைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்து, வெற்றிடப் பம்பால் இழுத்து, உருகவிட்டு, மீண்டும் உறையவைக்க வேண்டும், மூன்று முறையாவது. ஒருமுறை சோம்பலில் விட்டேன். கரைந்திருந்த காற்று அழுத்தத்தை ஏற்றிக் காட்ட, ஒரு வார அளவுகள் குப்பைக்குப் போயின.

கலவைக்கு முன் தனிக் கார்பன் டை ஆக்சைடை 25 டிகிரியில் அளந்து பாருங்கள். திரவமும் ஆவியும் சேர்ந்திருக்கையில் அழுத்தம் 64.3 பார் வர வேண்டும். வராவிட்டால் மேலே போகாதீர்கள்.

பிறகு இரண்டையும் எடைபோட்டுக் கலத்தில் ஏற்றுங்கள். 40 டிகிரியில் நிறுத்தி, கலக்கியை ஓடவிட்டு, பிஸ்டனை அழுத்தி எல்லாவற்றையும் ஒரே திரவமாக்குங்கள். இனி பொறுமை. பிஸ்டனை மயிரிழை மயிரிழையாகப் பின்னிழுத்து, ஒவ்வொரு முறையும் அழுத்தம் நிலைக்கும்வரை காத்திருங்கள். முதல் குமிழி தெரிந்ததும் அழுத்தத்தைக் குறியுங்கள். குமிழி துளியளவே என்பதால் திரவத்தின் கலவை நீங்கள் எடைபோட்டதேதான். மாதிரி எடுக்கத் தேவையில்லை. கண்ணை நம்பாதவர்கள் கன அளவுக்கு எதிரே அழுத்தத்தை வரையலாம்: செங்குத்தாக இறங்கும் கோடு சட்டென்று சாயும் இடமே குமிழிப் புள்ளி.

முடிந்ததும் வாயுவைக் கட்டடத்துக்கு வெளியே, மெதுவாக விடுங்கள். வால்வைச் சட்டென்று திறந்தால் உலர்பனி குழாயை அடைத்துக்கொள்ளும்.