வரைந்த படத்தைச் சுவரில் மாட்ட: ஆணி அடிப்பது கடைசி வேலை

வரைந்த படங்கள் கட்டிலுக்கு அடியிலும் பீரோவுக்கு மேலும் கிடப்பதற்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை. தப்பான இடத்தில் ஓட்டை போட்டுவிடுவோமோ என்ற பயமும்தான். அதற்கு மருந்து ஒரு சின்னக் கூட்டல் கழித்தல். அதற்கு முன் படத்தைத் தயார் செய்ய வேண்டும்.

காய்ந்ததா, கண்ணாடி வேண்டுமா

அக்ரிலிக் சீக்கிரம் காய்ந்துவிடும். வார்னிஷ் பூசுவதற்கு மட்டும் ஒன்றிரண்டு வாரம் விடுங்கள். ஆயில் பெயிண்ட் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்ததும் மாட்டலாம். வழக்கமான வார்னிஷுக்கு ஆறு மாதம் பொறுக்க வேண்டும், கத்தியால் அப்பிய தடித்த பூச்சானால் ஒரு வருடம். அக்ரிலிக் படங்களை முகத்தோடு முகம் வைத்து அடுக்காதீர்கள். காய்ந்த பிறகும் அது சூட்டில் இளகும். இரண்டும் ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது பெயிண்ட் பெயர்ந்து வரும்.

கேன்வாஸுக்குக் கண்ணாடி தேவையில்லை. ஓரங்களையும் வண்ணம் பூசி முடித்திருந்தால் ஃபிரேமும் தேவையில்லை. வாட்டர்கலர், பென்சில், பேஸ்டல் மூன்றுக்கும் கண்ணாடி கட்டாயம். ஆனால் கண்ணாடி காகிதத்தைத் தொடக்கூடாது. இடைவெளி தரத்தான் மவுண்ட் போர்டு. அமிலமில்லாத போர்டாகக் கேட்டு வாங்குங்கள், மலிவான போர்டு சில வருடங்களில் படத்தின் ஓரத்தைப் பழுப்பாக்கிவிடும்.

காகிதத்தை மேல் விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில் ஒட்டித் தொங்க விடுங்கள். ஈரக்காற்றில் காகிதம் விரியும், வறண்டால் சுருங்கும். நான்கு பக்கமும் ஒட்டினால் நகர இடமில்லாமல் அலை அலையாக உப்பிக்கொள்ளும். செல்லோடேப் வேண்டவே வேண்டாம். மஞ்சளாகி, பசை காகிதத்தில் ஊறிய பிறகு அந்தக் கறையை எடுப்பது பெரும்பாடு.

பின்பக்கம்

மேல் விளிம்பிலிருந்து உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு கீழே, இரண்டு பக்கமும் டி வளையம் (கம்பி கட்ட உதவும் D வடிவ வளையம்) திருகுங்கள். அதற்கும் கீழே போனால் படம் தலைகுனிந்து நிற்கும். இரண்டு வளையத்துக்கும் இடையே போகும் கம்பியை வீணைத் தந்தி மாதிரி முறுக்கிக் கட்டுவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. 2 கிலோ படத்துக்குக் கம்பி 30 டிகிரி சாய்வாக இருந்தால் ஒவ்வொரு பக்கமும் 2 கிலோ இழுவை. 10 டிகிரியாக விறைத்தால் அதே படத்துக்குக் கிட்டத்தட்ட 6 கிலோ. வளையம் பிடுங்கிக்கொண்டு வருவது இப்படித்தான்.

கீழ் மூலைகள் இரண்டிலும் ரப்பர் பொட்டு ஒட்டுங்கள். சுவரில் கோடு விழாது, பின்னால் காற்றும் போகும்.

எந்தச் சுவர்

வெயில் நேராக விழும் சுவர் வேண்டாம். சிவப்பு, இளஞ்சிவப்புகளில் சில சீக்கிரம் வெளுக்கும். டியூபில் பிஆர்83 (PR83) என்று நிறமிக் குறியீடு போட்ட அலிசரின் கிரிம்சன் அதில் பேர்போனது. அடுப்புக்கு அருகே எண்ணெய்ப் பிசுக்கு, குளியலறையில் நீராவி. மழைக்காலத்தில் ஓதம் அடிக்கும் சுவரில் படத்தின் முதுகு பூசணம் பிடிக்கும்.

எல்லோரும் தடுமாறும் இடம்: ஆணிக்கான உயரம்

படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. வரை இருக்கட்டும். நின்று பார்ப்பவரின் கண்மட்டத்தை ஒட்டி வைத்த அளவு இது. உட்கார்ந்தே இருக்கும் அறையானால் ஒரு சாண் இறக்கலாம்.

60 செ.மீ. உயரப் படம் என்று வைத்துக்கொள்வோம். நடு 145, அதோடு பாதி உயரம் 30, ஆக மேல் விளிம்பு 175. ஆணி அங்கே இல்லை. கம்பியின் நடுவில் ஒரு விரலை மாட்டி, படத்தின் எடையை அது தாங்கும்படி மேலே இழுங்கள். அந்த உச்சிக்கும் மேல் விளிம்புக்கும் உள்ள தூரத்தை அளங்கள். 10 செ.மீ. வந்தால் கம்பி உட்காரும் இடம் 165. தளர்வாகத் தொங்கும் கம்பியை அளந்தால் கணக்கு மொத்தமும் தப்பு.

இதற்குப் பிறகும் படம் இரண்டு செ.மீ. இறங்கி நிற்கிறதா? கொக்கிதான் காரணம். கம்பி உட்காரும் வளைவு கீழே இருக்கும், ஆணி போகும் துளை மேலே இருக்கும். அந்த இடைவெளியை அளந்து கூட்டுங்கள், 2 செ.மீ. என்றால் ஆணி 167-இல். ஸ்க்ரூவிலேயே நேராக மாட்டுவதானால் இதைக் கூட்ட வேண்டாம்.

ஒரு கொக்கியில் தொங்கும் படம் கதவு அடித்துச் சாத்தும் ஒவ்வொரு முறையும் கோணும். 40 செ.மீ. அகலத்துக்கு மேல் போனால் இரண்டு கொக்கிகளே மேல். ஆனால் இரண்டு இடத்தில் தாங்கும்போது கம்பியின் உச்சி தாழும். மேலே சொன்ன படத்துக்கு 12 செ.மீ. தள்ளி இரண்டு கொக்கி வைத்தால், அகலத்தைப் பொறுத்து ஒன்றரை செ.மீ. அளவுக்குக்கூட வித்தியாசம் வரலாம். எனவே அதே தூரத்தில் இரண்டு விரல் வைத்து இழுத்து அளங்கள். இரண்டு புள்ளியும் ஒரே மட்டமா என்று பார்க்க ரசமட்டம்தான் சரி. போனில் இருக்கும் மட்டம் சின்னப் படத்துக்குப் போதும், வரிசையாக மாட்டும்போது நம்பாதீர்கள்.

சோபாவுக்கு மேல் இந்த 145 கணக்கு செல்லாது. சோபா முதுகுக்கும் படத்தின் அடிக்கும் 15–20 செ.மீ. விட்டால் போதும்.

பல படங்களைக் கூட்டமாக மாட்டினால் முழுக்கூட்டத்தையும் ஒரே படமாக எண்ணி நடுவைக் குறியுங்கள். படத்துக்குப் படம் 5 முதல் 8 செ.மீ. செய்தித்தாளைப் படங்களின் அளவுக்கு வெட்டி, ஆணி வரும் இடத்தைத் தாளிலேயே புள்ளி வைத்து, மாஸ்கிங் டேப்பால் சுவரில் ஒட்டி ஒரு நாள் அப்படியே விடுங்கள். பிடித்தால் தாளோடு சேர்த்தே துளையிட்டு, பிறகு கிழித்துவிடலாம்.

துளை

சுவிட்ச், பிளக் பாயின்ட் ஆகியவற்றுக்கு நேர் மேலே, கீழே, பக்கவாட்டில் துளை போடாதீர்கள். ஒயர் பெரும்பாலும் அந்த வழியில்தான் ஓடும்.

செங்கல் சுவரில் 6 மி.மீ. டிரில் பிட், 6 மி.மீ. பிளக் (துளைக்குள் ஸ்க்ரூவைப் பிடிக்கும் பிளாஸ்டிக் குழல்), 4 மி.மீ. தடிமனில் 50 மி.மீ. ஸ்க்ரூ. சுவர்ப்பூச்சே 12–20 மி.மீ. இருக்கும். பிளக்கைத் துளையின் வாயோடு நிறுத்தினால் பாதி பூச்சில்தான் பிடித்திருக்கும், கனமான படம் பூச்சுக்கட்டியோடு கீழே வரும். எனவே 50 மி.மீ. ஆழம் போட்டு, ஆணியின் கொண்டையால் தட்டிப் பிளக்கைப் பூச்சுக்கு உள்ளே தள்ளுங்கள். ஆழம் தெரிய பிட்டில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். முதல் சில மில்லிமீட்டர் ஹாமர் மோட் இல்லாமல் மெதுவாக, பிட் வழுக்காது. ஸ்க்ரூ 5 மி.மீ. வெளியே நிற்கட்டும். கான்கிரீட் பீமில் ஆணி வளையுமே தவிர இறங்காது. நல்ல ஹாமர் டிரில் தேவை.

பின்சேர்க்கை: ஒட்டுப் பட்டை

வாடகை வீட்டில் துளை போட முடியாதவர்கள் கேட்பது இதைத்தான். கையால் தேய்த்தால் மாவாக ஒட்டும் சுண்ணாம்பு, டிஸ்டெம்பர் சுவர்களில் பட்டை நிற்காது. பட்டை பெயிண்டைப் பிடிக்கும், பெயிண்ட் சுவரைப் பிடிக்காது. வழவழப்பான எமல்ஷன் சுவரானால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பட்டையை 30 விநாடி அழுத்தி, ஒரு மணி நேரம் விட்டுப் படத்தை மாட்டுங்கள். புதிதாக அடித்த பெயிண்டானால் ஒரு வாரமாவது போகட்டும். கண்ணாடி போட்ட படத்தை இதில் தொங்கவிடுவது எனக்குச் சம்மதமில்லை. கழற்றும்போது பட்டையின் வாலைச் சுவரோடு ஒட்டினாற்போல் நேர் கீழே, மெல்ல இழுங்கள். உங்கள் பக்கமாக இழுத்தால் பெயிண்டும் கூடவே வரும்.