தீத்துளையில் இருந்த கோளாறு: என் அனுபவம்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், கல் உரசும் பொறியால் மருந்தைப் பற்றவைக்கும் சிக்கிமுக்கிக்கல் துப்பாக்கிக்கென்றே 1974 முதல் தனியாக ஒரு மான் வேட்டைப் பருவம் உண்டு. அதற்காக உதிரிப் பாகங்களை வாங்கி நான் பொருத்திய நீள்குழல் துப்பாக்கியில், கல் எஃகுத் தகட்டில் உரசித் தீப்பொறி நன்றாகவே கொட்டியது. அந்தப் பொறி விழும், குழலின் வெளிப்பக்கத்துச் சிறு கிண்ணியில் இருந்த மருந்தும் குப்பென்று எரிந்தது. ஆனால் குழலுக்குள் இருந்த, குண்டைத் தள்ளும் கருமருந்து தாமதமாகப் பற்றியது, சில வேளைகளில் பற்றவே இல்லை. அப்படிப் பற்றாதபோது குழல்வாயை ஆளில்லாத பக்கம் நீட்டியபடி காத்திருந்து, பிறகே குண்டையும் மருந்தையும் வெளியேற்ற வேண்டும்.

கல்லை மாற்றுவதால் இதற்குப் பயனில்லை. கிண்ணியின் தீயைக் குழலுக்குள் கடத்தும் தீத்துளை குறுகலாகவும், குழல் சுவரின் முழுத் தடிமனையும் கடக்கும் நீளத்திலும் இருந்ததால், அதில் அடைந்த மருந்து திரியைப் போல மெல்ல எரிந்தே உள்ளே சென்றது. எனவே காலிக் குழலில் அவ்விடத்தை அகலப்படுத்தி, மரையிட்டு, உட்புறம் புனல் வடிவில் குடையப்பட்ட துருப்பிடிக்காத எஃகுச் செருகியைத் திருகி, அதன் துளையை 1.6 மில்லிமீட்டருக்கு விரித்தேன். (துப்பாக்கியின் மரக்கட்டையை மெருகேற்றக் காட்டும் பொறுமையில் பாதியாவது இவ்வேலைக்குத் தேவை.) இப்போது உள்மருந்து துளையின் வாயருகிலேயே நிற்பதால் இரண்டு வெடிப்பும் ஒரே ஓசையாகக் கேட்கின்றன. கிண்ணியில் மருந்தைத் துளை மூடாத அளவுக்கே இடுகிறேன். பனி ஈரம் ஏறினால் அதைத் துடைத்துவிட்டுப் புதிதாக இடுகிறேன்.