சிறிய .22 ரிவோல்வரைத் தெரிவு செய்வது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

எடை குறைந்த .22 ரிவோல்வர் (குழலின் உள்விட்டம் சுமார் 0.22 அங்குலமுள்ள, உருளையில் தோட்டா இடும் கைத்துப்பாக்கி) தேடுபவர்கள் முதலில் பார்ப்பது கிராம் கணக்கை. நான் விசையை, அதாவது விரலால் அழுத்திச் சுடும் பகுதியை, பார்க்கச் சொல்வேன். தகர டின்களைக் குறிபார்த்துச் சுட்டுப் பழகவும், உறையில் இட்டு எடுத்துச் செல்லவும் ஒரே துப்பாக்கி வேண்டும் என்பவருக்கு இது இன்னும் பொருந்தும். வெளிநாட்டில் சட்டப்படி வாங்கக்கூடிய நம் உறவினர்களையும், இங்கே இலங்கையில் முறையான அனுமதியோடு குறிபார்த்துச் சுடும் விளையாட்டில் இறங்குவோரையும் மனதில் வைத்தே எழுதுகிறேன்.

முதற்படி: அனுமதி

இலங்கையில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் ரிவோல்வரைத் தொடவே கூடாது. இருப்பவரும் அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். தற்பாதுகாப்புக்காக வழங்கப்பட்ட துப்பாக்கிகளையெல்லாம் மீளாய்வுக்காக ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு 2024 நவம்பரில் உத்தரவிட்டது. அனுமதி கிடைத்துவிட்டால் வாழ்நாள் முழுவதும் நம்முடையது என்று எண்ணிப் பணத்தைப் போடாதீர்கள்.

“தேயிலை மலையில் பன்றி வருகிறது, சிறுத்தை வருகிறது, இடுப்பில் ஒன்று இருக்கட்டுமே” என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். சுமார் 2.6 கிராம் ஈயக் குண்டு காட்டுப்பன்றியை நிறுத்தாது, காயப்படுத்தி மூர்க்கமாக்கிவிடும். சிறுத்தையோ சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு.

இரண்டாம்படி: விசை

.22 தோட்டாவில் தீப்பற்றும் மருந்து நடுவில் இல்லை. அடிப்பக்கத்து விளிம்பின் மடிப்புக்குள் இருக்கிறது. விசையை அழுத்தும்போது பின்னாலிருந்து வந்து அடிக்கும் பகுதியான சுத்தியல் அந்தப் பித்தளை விளிம்பை நசுக்கினால்தான் மருந்து வெடிக்கும். அதற்குப் பலமான அடி வேண்டும், பலமான அடிக்கு இறுக்கமான சுருள்வில் வேண்டும். ஆகவே சுத்தியலை முன்கூட்டி இழுக்காமல் விசையை மட்டும் அழுத்திச் சுடும்போது, பல சிறிய ரிவோல்வர்களில் பத்து இறாத்தலுக்கும் மேற்பட்ட அழுத்தம் தேவைப்படுகிறது.

இப்போது எடையைப் பாருங்கள். ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனத்தின் 317 மாதிரி ஏறக்குறைய 330 கிராம். முக்கால் இறாத்தல் கூட இல்லை. தன் எடையைப் போல் பத்து மடங்குக்கும் மேலான அழுத்தம் விரலிலிருந்து வரும்போது, குழல்முனை அசையாமல் நிற்குமா? பின்னுதைப்பு மிகக் குறைந்த இந்தத் தோட்டாவில் புதியவரின் குறி தவறுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். எடை குறைந்தது என்பதற்காக வாங்கி, ஒரு டின்னைக்கூட விழுத்த முடியாமல் மனம் சோர்வதைவிட நூறு கிராம் கூடுதலாகச் சுமப்பது நல்லது. ரூகர் நிறுவனத்தின் எல்சிஆர் மாதிரி 420 கிராமை ஒட்டி வரும். என் பார்வையில் அந்தக் கூடுதல் எடை கைக்கு உதவியே செய்கிறது.

சுருள்வில்லை மாற்றி விசையை இலகுவாக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அடி பலவீனமானால் தோட்டா வெடிக்காமல் போகும்.

கடையில் சோதிக்கும்போது உருளை வெறுமையாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிப்படுத்துங்கள். பிறகு விற்பவரின் அனுமதியோடு போலித் தோட்டாக்களை இட்டு விசையை அழுத்திப் பாருங்கள். தோட்டா இல்லாத உருளை அறையில் அடித்தால் சில மாதிரிகளில் தோட்டாவைத் தாக்கும் ஊசி அந்த அறையின் விளிம்பைச் சிதைத்துவிடும். விரலின் முதல் மூட்டுக்கு முன்னால் விசை சரியாகப் பதிகிறதா? கொழுந்து பறித்துப் பழகிய உறுதியான விரலுக்கும், மூட்டுவலி உள்ள முதியவரின் விரலுக்கும் ஒரே விடை வராது. உங்கள் கைதான் அளவு.

மூன்றாம்படி: சுத்தியல், குழல், குறிகாட்டி

சுத்தியல் வெளியே தெரியும் மாதிரியானால் அதை முன்கூட்டி இழுத்து, இலகுவான விசையில் சுடலாம். புதியவர் குறி பழக இது பெரிய துணை. ரூகர் எல்சிஆரில் சுத்தியல் மறைந்திருக்கும், எல்சிஆர்எக்ஸில் வெளியே இருக்கும். ஸ்மித் அண்ட் வெசன் 43சியிலும் சுத்தியல் உள்ளே மறைந்ததுதான். துணியில் சிக்காது, ஆனால் ஒவ்வொரு சூட்டுக்கும் முழு அழுத்தம் வேண்டும்.

இரண்டு அங்குலத்துக்குக் குறைந்த குழல் எடுத்துச் செல்ல வசதி. மூன்று அங்குலம் குறி வைக்க வசதி, ஏனெனில் முன், பின் குறிகாட்டிகளுக்கிடையே தூரம் கூடுகிறது. பயிற்சியே முக்கியம் என்றால் மூன்று அங்குலத்தைத் தயங்காமல் எடுங்கள். குறுங்குழல் மாதிரிகளில் வெற்றுக்கோதுகளைத் தள்ளும் தண்டும் குறுகியதாக இருக்கும். குழலை மேல்நோக்கிப் பிடித்து ஒரே அழுத்தாக அழுத்தினால்தான் கோதுகள் விழும்.

நான்காம்படி: தோட்டா

.22 எல்ஆர் (லாங் ரைபிள்) என்ற தோட்டா வகை 1887 முதல் இருக்கிறது, விலையும் குறைவு. .22 மேக்னம் நீளமும் பருமனும் கூடியது; எல்ஆர் உருளைக்குள் போகாது. குறுங்குழலில் அதன் சத்தமும் தீப்பிழம்பும் கூடும், வேகத்தில் கிடைக்கும் ஆதாயத்தின் பெரும்பகுதி வீணாகும். தொடங்குபவருக்கு எல்ஆர் போதும். இரண்டு மூன்று நிறுவனங்களின் தோட்டாக்களை வாங்கி, எது தவறாமல் வெடிக்கிறது என்று பார்த்து அதையே தொடருங்கள்.

வெடிக்காத தோட்டா வந்தால், பயிற்சியின்போது குழலை இலக்கின் பக்கமே வைத்து முப்பது விநாடி காத்திருங்கள். தாமதித்து வெடிப்பதும் உண்டு.

ஐந்தாம்படி: எங்கே சுடுவது

அங்கீகரிக்கப்பட்ட சுடுகளத்தில் மட்டும். நம் மலைகளில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. .22 குண்டு ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் அப்பால் போகக்கூடியது. பாறையிலோ குளத்து நீரிலோ பட்டால் தெறித்துத் திசை மாறும். மேட்டில் நின்று சுடுபவரின் கண்ணுக்கு மூடுபனிக்குப் பின்னால் இருக்கும் தொழிலாளர் லயன் வீடுகளும் தெரியாது, மலைச்சரிவில் கொழுந்துக்கூடையோடு ஏறி வருபவரும் தெரியமாட்டார். குண்டை விழுங்கும் உயரமான மண்மேடு பின்னால் இல்லாத இடம் சுடுகளமே அல்ல. கண்ணுக்கும் காதுக்கும் காப்பு அணியுங்கள். முடிந்ததும் சாப்பிடுவதற்கு முன் கைகளைக் கழுவி ஈயத்தை அகற்றுங்கள்.

ஆறாம்படி: ஈரம்

துப்பாக்கியின் உடற்சட்டகம் அலுமினியமானாலும் பொலிமர் என்ற கடினமான பிளாஸ்டிக்கானாலும் திருகும் சுருள்வில்லும் உருக்குதான். நுவரெலியா, ஹட்டன் பக்கத்து ஈரத்தில் அவை விரைவில் துருப்பிடிக்கும். தோலுறைக்குள் வைத்தே பூட்டிவிடாதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி உலோகத்தோடு ஒட்டவைக்கும். எடுத்துச் செல்ல மட்டுமே உறை, அதுவும் விசையை முழுவதும் மூடுவதாக இருக்கட்டும். .22 தோட்டாவின் மெழுகும் கரியும் அறைகளில் படிந்து தோட்டாக்கள் உள்ளே செல்லாமல் தடுக்கும். ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் உருளை அறைகளைத் தூரிகையால் துப்புரவாக்கி, மெல்லிய எண்ணெய் பூசி, தோட்டாக்களை வேறொரு பெட்டியில் வைத்து இரண்டையும் தனித்தனியே பூட்டுங்கள்.